இரண்டு சீட்டு, துணிக் கூரை, தினமும் ஆபீஸ்

கல்லூரியில் கூடப் படித்த நண்பன் ஒருவன் அமெரிக்காவில் இருக்கிறான். ஆறு வருஷமாக அவன் தினமும் வேலைக்குப் போய் வருவது ஒரு மாஸ்டா மியாட்டாவில். இரண்டே சீட்டு, துணிக் கூரை. மழை, குளிர், மளிகைக் கடை, ஏர்போர்ட் எல்லாத்துக்கும் அதே வண்டிதான். இப்போ வீட்டில் குழந்தை வரப்போகிறது. "இதை வித்துடவாடா?" என்று போன மாதம் போனில் கேட்டான். "ஆமா, வித்துடு" என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது. விளையாட்டுப் பொம்மை மாதிரி இருக்கிற இந்த வண்டியை ஒரு ஆள் ஆறு வருஷம் தினசரி ஓட்ட முடிஞ்சது எப்படி? தேடப் போனால் கதை இங்கிலாந்தில் தொடங்கி, வழியில் நம்ம வண்டலூரைத் தொட்டு, ஜப்பானில் போய் நின்றது.

மரச் சட்டமும் கித்தான் துணியும்

1945இல் போர் முடிந்த கையோடு, ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் ஊரில் எம்ஜி நிறுவனம் டிசி என்ற காரைச் செய்யத் தொடங்கியது. 1250 சிசி என்ஜின். உடலின் எலும்புக்கூடு மரம், அதன் மேல் தகடு. பெட்ரோல் டாங்க் முதுகில் வெளியே தெரியும், ஸ்டெப்னி அதற்கும் பின்னால் தொங்கும். டிக்கி என்று ஒன்று கிடையாது. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துதான் சாமான் வைக்கும் இடம். கதவில் கண்ணாடி இல்லை. மழை வந்தால் வண்டியை நிறுத்தி, கூரையை விரித்து, பக்கத் திரைகளை எடுத்துக் கதவில் மாட்ட வேண்டும். ஹீட்டரும் இல்லை. குளிர்கால இங்கிலாந்தில்!

இதைத் தினசரி ஓட்டினார்களா என்றால், ஓட்டினார்கள். காரணம் எளிது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ஒரு இளைஞனுக்கு ஒரு கார் வாய்ப்பதே அதிர்ஷ்டம். "வாரக் கடைசிக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு" என்பதெல்லாம் பணக்காரர் பேச்சு. இருக்கிற ஒரே வண்டி எதுவோ அதுதான் தினசரி வண்டி. அந்த நாளில் சாதாரண மூடிய கார்களிலும் பலவற்றில் ஹீட்டர் கிடையாது என்பதால், டிசி ஓட்டியவர் இழந்தது நாம் நினைக்கிற அளவு அதிகம் இல்லை. ஒரு வண்டி "தினசரிக்கு ஆகாது" என்று சொல்வது பக்கத்து வண்டி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1949 வரை சுமார் 10,000 டிசி தயாரானது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அமெரிக்காவுக்குப் போனது. போரின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க வீரர்கள் இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். டாலர் வேண்டும் என்பதால் பிரிட்டிஷ் அரசும் ஏற்றுமதியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் டிசி எல்லாமே வலது பக்க ஸ்டீயரிங்தான். அடுத்து வந்த டிடியில்தான் இடது பக்க ஸ்டீயரிங் கிடைத்தது. உடனே கணக்கு மாறியது. சுமார் 30,000 டிடி தயாராகி, பெரும்பகுதி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

கண்ணாடி ஏறி இறங்கத் தொடங்கிய காலம்

1955இல் வந்த எம்ஜிஏ பார்க்க நவீனம். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் அதன் ரோட்ஸ்டர் வடிவத்தில் கதவுக்கு வெளிக் கைப்பிடி கூட இல்லை. உள்ளே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். பக்கத் திரைகள் அப்படியே தொடர்ந்தன. 1958இல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் இன்னும் ஒரு படி மேல்: வண்டிக்குப் பின்பக்கம் இடம் இருக்கிறது, திறக்க மூடி இல்லை! சீட்டை முன்னால் சாய்த்து, உள்ளே தலையை விட்டுச் சாமானைத் திணிக்க வேண்டும்.

1962இல் இரண்டு வண்டிகள் இதை மாற்றின. ஒன்று எம்ஜிபி. தனிச் சேசிஸ் போய், உடலும் சேசிஸும் ஒன்றான அமைப்பு வந்தது. அதனால் எம்ஜிஏவை விட நீளம் குறைந்தும் உள்ளே இடம் கூடியது. 1798 சிசி என்ஜின், சுற்றி ஏற்றும் கண்ணாடி, பூட்டக்கூடிய கதவு. ஹீட்டர் மட்டும் தொடக்கத்தில் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சமாச்சாரம்.

இன்னொன்று டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். நமக்கு இதில்தான் சுவாரசியம். ஸ்பிட்ஃபயர் புதிதாய்ச் செய்த வண்டி இல்லை. டிரையம்ப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் சேசிஸை நீளம் குறைத்து, அதன் மேல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தியது. முன்பக்கம் முழுசும் ஒரே துண்டாகச் சாய்ந்து திறக்கிற அந்த பானட்டும் ஹெரால்டு வழி வந்த யோசனைதான். அந்த ஹெரால்டைத்தான் சென்னையை அடுத்த வண்டலூரில், 1961 முதல் ஸ்டாண்டர்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. அந்தக் காலத்து மெட்ராஸ் டாக்டர்களும் வக்கீல்களும் கோவிலுக்கும் கோர்ட்டுக்கும் ஓட்டிய ஹெரால்டும், இங்கிலாந்து வாலிபர்கள் ஓட்டிய ஸ்பிட்ஃபயரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தினசரி உபயோகம் என்ற கோணத்தில் இது முக்கியம். ஹெரால்டு ரொம்பச் சின்ன வட்டத்தில் திரும்பும், சுமார் 25 அடிதான். லண்டன் டாக்சி மாதிரி. அந்தக் குணம் ஸ்பிட்ஃபயருக்கும் வந்தது. பாகங்கள் குடும்பக் காரின் பாகங்கள் என்பதால் விலையும் குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் தயாரானது. எம்ஜிபி, கூரை மூடிய ஜிடி வடிவத்தையும் சேர்த்து, 5 லட்சத்தைத் தாண்டியது.

ஏன் செத்தது?

இவ்வளவு விற்ற வண்டிகள் ஏன் காணாமல் போயின? முதல் காரணம், கம்பெனிகள் அவற்றைப் புதுப்பிக்கவே இல்லை. 1962இல் வந்த எம்ஜிபி 1980 வரை அடிப்படையில் அதே வண்டி. அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்காக 1974 வாக்கில் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையும் உயர்த்தினார்கள். புகை விதிகளால் என்ஜின் சக்தியும் குறைந்தது. ஓட்டும் சுகம் போய்விட்டது, தொந்தரவுகள் மட்டும் அப்படியே நின்றன.

இரண்டாவது, பக்கத்து வண்டி மாறிவிட்டது. நான் முன்னால் சொன்ன விஷயம் இதுதான். ஹீட்டர் இல்லாத காலத்தில் ஒழுகும் கூரை பெரிய குறை இல்லை. 1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வந்தது. நான்கு பேர் உட்காரலாம், பின்கதவைத் திறந்து சாமான் ஏற்றலாம், காலையில் சாவி போட்டால் கிளம்பும், வளைவில் எம்ஜிபியை விட வேகமாகவும் போகும். அப்புறம் எதுக்கு நனையணும்? அமெரிக்காவில் திறந்த கார்களுக்கே தடை வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. 1976 கேடிலாக் எல்டொராடோவை "கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள்" என்று சொல்லியே விற்றார்கள். 1980 அக்டோபரில் ஆபிங்டன் ஆலை மூடப்பட்டது. ஸ்பிட்ஃபயரும் அதே வருஷம் நின்றது.

ஹாக்கோனே மலைப்பாதை

1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். ரோட்டரி என்ஜினை உருவாக்கிய குழுவின் தலைவர் யமமோட்டோ. மாஸ்டா அடுத்து என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது, ஜப்பானிய மொழி தெரிந்த ஹால், பழைய பிரிட்டிஷ் பாணியில் எளிமையான, விலை குறைந்த திறந்த வண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். 1981இல் அவரே மாஸ்டாவின் அமெரிக்கக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். யமமோட்டோ உடனே மயங்கிவிடவில்லை. ஹாக்கோனே மலைப்பாதையில் ஒரு வண்டியை அவர் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அது ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். நம்ம வண்டலூர் ஹெரால்டின் தம்பி! அந்த ஓட்டத்துக்குப் பிறகு யமமோட்டோ திட்டத்துக்கு ஆதரவாக நின்றார். 1984இல் கம்பெனியின் தலைவரும் ஆனார்.

டோக்கியோ குழுவும் கலிஃபோர்னியா குழுவும் போட்டி போட்டு வடிவங்கள் தந்தன. முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம் என்ற கலிஃபோர்னியாவின் பழைய சூத்திரம் ஜெயித்தது. ஓடக்கூடிய முதல் மாதிரியை இங்கிலாந்தின் வர்த்திங்கில் இருந்த ஐஏடி என்ற நிறுவனம் செய்தது. 1985இல் அதை சாண்டா பார்பரா தெருக்களில் ஓட்டி ஜனங்களின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தோஷிஹிகோ ஹிராய் திட்டத் தலைவரானார். குதிரையும் வீரனும் ஒன்றாவது என்ற பொருள் தரும் "ஜின்பா இத்தாய்" என்ற சொல்லை அவர் திட்டத்தின் மந்திரமாக வைத்தார்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. 1.6 லிட்டர், 116 குதிரைசக்தி, ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. அமெரிக்க விலை 13,800 டாலர். எல்லோரும் பேசுவது அதன் ஸ்டீயரிங், கியர் பற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது கூரை. எம்ஜிபியின் ஒரு வகைக் கூரையில் சட்டத்தைக் கழற்றி டிக்கியில் போட்டு, மழை வந்தால் திரும்பக் கூடாரம் அடிப்பது மாதிரி கட்ட வேண்டும். மியாட்டாவில் சிக்னலில் நிற்கும்போதே, சீட்டை விட்டு எழாமல், கூரையை இழுத்து மூடிக் கொக்கியை மாட்டிவிடலாம். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், புது வசதி எதையும் சேர்க்கவில்லை. பழைய பக்குகளை எல்லாம் உட்கார்ந்து சரி செய்தார்கள். ஒழுகல், ஸ்டார்ட் ஆகாத காலை, உயிரை விடும் ஒயரிங். பிரிட்டிஷ்காரர்கள் இதையெல்லாம் "அப்படித்தான் இருக்கும்" என்று விட்டிருந்தார்கள்.

பலன்? பிஎம்டபிள்யூ இசட்3, மெர்சிடிஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர் என்று 90களில் ஒரு வரிசையே வந்தது. எம்ஜி பெயரே எம்ஜிஎஃப் ஆகத் திரும்பியது. மாஸ்டா 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டியைத் தயாரித்தது. அந்த 90கள் வரிசையில் பல பெயர்கள் இன்று இல்லை.

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்?

குறைகள் இன்னும் உண்டு. நான்காம் தலைமுறை மியாட்டாவின் டிக்கி 130 லிட்டர்தான், ஒரு பெரிய பெட்டிக்குப் போராட வேண்டும். துணிக் கூரையைக் கத்தியால் கிழிக்கலாம் என்பதால் உள்ளே எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. லாரிக்குப் பக்கத்தில் போனால் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே தெரியும். இவற்றோடு எல்லாம் அவன் ஆறு வருஷம் வாழ்ந்துவிட்டான்.

மழை, குளிர், நம்பகம் இவற்றுக்கெல்லாம் பொறியாளர்கள் ஒவ்வொன்றாக விடை கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு மட்டும் விடை இல்லை. எம்ஜி 1965இல் முயன்று பார்த்தது. எம்ஜிபிக்கு நிரந்தரக் கூரை போட்டு, பின்னால் சின்னதாக ஒரு சீட் வைத்தது. நல்ல வண்டிதான், ஆனால் வானம் போய்விட்டது. மாஸ்டா முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பின்சீட் வைக்கவில்லை. வைத்தால் அது வேறு வண்டியாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான்: "இது தினசரி வண்டிதான்டா, அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஒரு ஆளோட தினசரிக்கு, இல்லன்னா ரெண்டு பேரோட தினசரிக்கு. மூணு பேர் இருக்கிற வீட்டுக்கு இது ரெண்டாவது வண்டியாத்தான் இருக்க முடியும். ரெண்டு வண்டிக்குக் காசும் இடமும் இருந்தா வச்சுக்கோ. இல்லன்னா, நல்லா ஓடிட்டு இருக்கும்போதே குடுத்துடு."

இன்னும் முடிவெடுக்கவில்லை என்கிறான். எது செய்தாலும், கூரைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மழைநீர் வடியும் ஓட்டை இருக்கிறது, அதில் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கித் தகடு துருப்பிடிக்கும், முதலில் அதைச் சுத்தம் பண்ணு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.