கழற்றி மாற்றும் திறன்பேசிகள்

திரை, பேட்டரி, கேமரா போன்ற பாகங்களை, வாங்கியவரே கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொள்ளும்படி அமைந்த கைப்பேசிகள். விரும்பிய வசதியைச் சேர்ப்பதற்காகச் சில உருவாயின. பழுதானதை மட்டும் மாற்றி ஆயுளை நீட்டிப்பதற்காக வேறு சில. சந்தையில் தாக்குப்பிடித்தவை பின்னவையே.

2013 செப்டம்பரில் நெதர்லாந்து வடிவமைப்பாளர் டேவ் ஹாக்கன்ஸ் ‘ஃபோன்பிளாக்ஸ்’ என்ற காணொளியை வெளியிட்டார். ஒரு பலகையில் பாகங்களைக் கட்டைகளாகச் செருகும் இந்தக் கற்பனையின் நோக்கம் மின்கழிவைக் குறைப்பது. அடுத்த மாதமே, அப்போது கூகுளின் கையிலிருந்த மோட்டோரோலா இதே பாணியிலான ‘ப்ராஜெக்ட் ஆரா’ திட்டத்தை அறிவித்தது. பின்னர் மோட்டோரோலா லெனோவோவுக்கு விற்கப்பட்டபோதும் ஆராவைக் கூகுள் விட்டுத்தரவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் 2015இல் நடக்கவிருந்த சோதனை விற்பனை தள்ளிப்போனது. 2016 மே மாதம் காட்டிய மாதிரியில் செயலி, திரை, பேட்டரி மூன்றும் சட்டகத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. முதலில் பழுதாகும் திரையையும் பேட்டரியையும் மாற்ற முடியாதபோதே ஹாக்கன்ஸின் நோக்கம் அடிபட்டுப்போனது. செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு வந்த எல்ஜி ஜி5, மோட்டோ இசட் ஆகியவை பெரும்பாலும் துணைக்கருவிகளை இணைக்கவே இடம் தந்தன.

ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்ஃபோன் வேறு வழியில் வந்தது. காங்கோ போன்ற இடங்களில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கனிமங்களை எதிர்த்து 2010இல் தொடங்கிய இயக்கம், 2013இல் நிறுவனமானது. 2015 இறுதியில் வந்த ஃபேர்ஃபோன் 2இன் திரையைக் கருவியே இல்லாமல் கையால் கழற்றலாம். கேமரா உள்ளிட்ட மற்றவற்றுக்குச் சாதாரணத் திருப்புளி போதும். பழுதுபார்க்கும் எளிமைக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் பத்துக்குப் பத்து மதிப்பெண் தந்தது.

ஆயினும் உதிரிபாகம் கிடைத்தால் மட்டும் கைப்பேசி பிழைக்காது, மென்பொருளும் வரவேண்டும். ஃபேர்ஃபோன் 2இன் சிப்புக்கு, அதைத் தயாரித்த குவால்காம் ஆண்ட்ராய்டு 6க்குப் பிறகு ஆதரவு தரவில்லை. சிறிய நிறுவனமான ஃபேர்ஃபோன் தன் முயற்சியிலேயே அதை ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுசென்று, 2023 மார்ச் வரை காத்தது. இத்துறையின் மிகப் பெரிய சாதனை இதுவே. அந்த அனுபவத்தின் பயனாக, 2023இல் வந்த ஃபேர்ஃபோன் 5இல் நீண்டகால ஆதரவுள்ள, தொழிற்சாலைக் கருவிகளுக்கான சிப் இடம்பெற்றது.

ஒரு நிறுவனம் விரும்பிச் செய்தது இப்போது சட்டமாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் திறன்பேசிகளுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது 7 ஆண்டுகள் திரை, பேட்டரி உள்ளிட்ட உதிரிபாகங்களைத் தயாரிப்பாளர் தரவேண்டும்.