ஆச்சி படம் ஆரஞ்சான கதை

எங்க வீட்டு முன்னறைச் சுவரில் மூணு படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதலாவது தாத்தா. 1950களில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சட்டைப் பொத்தான் வரைக்கும் இன்னும் எண்ணலாம். இரண்டாவது அப்பா அம்மா கல்யாணப் படம், 1983. மொத்தமும் சிவப்பேறிப் போய், மாலையில் இருந்த இலைகூட பழுப்பாகத் தெரியுது. மூணாவது ஆச்சி. 2006ல் தங்கச்சி கல்யாணத்தில் டிஜிட்டல் கேமராவில் நானே எடுத்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நானே அச்சடித்தது. மூன்றில் வயசில் இளையது அதுதான். முதலில் கெட்டதும் அதுதான். ஆச்சி முகம், சுவர், பந்தல், எல்லாமே ஆரஞ்சு.

ஃபைல் இருந்தா இன்னொரு காப்பி போட்டுக்க வேண்டியதுதானே என்பீங்க. அந்த ஹார்ட் டிஸ்க் 2009லயே போயிடுச்சு. ஆச்சியும் இப்போ இல்லை. அந்தக் கல்யாணத்தில் ஆச்சி தனியா நிற்கிற படம் அது ஒன்றுதான்.

இந்த வரிசை ஏன் தலைகீழா இருக்கு என்ற கேள்வியோடுதான் படிக்க ஆரம்பிச்சேன். டிஜிட்டல் படத்தைக் காகிதத்தில் கொண்டுவரும் வரலாறு நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது, முப்பது முப்பத்தைந்து வருஷம்தான். அதில் பாதி, படம் நிற்குமா நிற்காதா என்ற சண்டை.

கதை ஒரு பாட்டுக்காரரிடம் தொடங்குகிறது. கிரஹாம் நாஷ், 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' குழுவின் நாஷ். பாட்டு போக அவருக்குப் புகைப்படப் பைத்தியமும் உண்டு. எடுப்பார், பழைய படங்களை வாங்கிச் சேர்ப்பார். 1980களின் கடைசியில் படங்களை ஸ்கேன் செய்து மேக்கின்டாஷில் வைத்துத் திருத்த ஆரம்பித்தார். திரையில் அழகாக இருக்கிறது, ஆனால் வெளியே எடுக்க வழியில்லை. அன்றைய கலர் பிரிண்டர்களின் தரத்தில் ஒரு கலைஞன் கையெழுத்துப் போட முடியாது.

அவர் கண்ணில் பட்டது ஐரிஸ் 3047 என்ற இயந்திரம். புகைப்படத்துக்காகச் செய்தது இல்லை. பெரிய அச்சகங்களில் பத்திரிகையோ விளம்பரமோ ஆயிரக்கணக்கில் ஓட்டும் முன்னால் கலர் சரியா என்று ஒரு ப்ரூஃப் எடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதற்கு. காகிதத்தை ஒரு உருளையில் சுற்றி வேகமாகச் சுழற்றுவார்கள். நான்கு முனைகள் நான்கு நிற மையை நிறுத்தாமல் நுண்துளிகளாகப் பீய்ச்சும். வேண்டாத துளிக்கு மின்னேற்றம் கொடுத்து ஓரமாகத் திருப்பிவிட, மீதித் துளி காகிதத்தில் விழும். விலை 1,26,000 டாலர். நாஷ் வாங்கினார். நண்பர் மேக் ஹோல்பர்ட்டோடு சேர்ந்து 1991ல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 'நாஷ் எடிஷன்ஸ்' என்ற அச்சுக்கூடத்தைத் தொடங்கினார்.

வாங்கியதும் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓவியர்கள் பயன்படுத்தும் தடிமனான காகிதம் உள்ளே போக இடம் வேண்டும் என்று, மைத்தலைப் பகுதியை ரம்பத்தால் அறுத்தார்கள்! வாரண்டி அத்தோடு காலி. அறுபட்ட அந்த மெஷின் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2005ல் கொடுத்தார்கள்.

அங்கே அச்சு வேலை பார்த்த ஜாக் டுகான் என்பவருக்கு ஒரு சங்கடம். இதை 'இங்க்ஜெட் பிரிண்ட்' என்று சொன்னால் கேலரிக்காரன் மதிக்க மாட்டான். பிரெஞ்சு அகராதியைப் புரட்டி, பீய்ச்சுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'ஜிக்லே' என்று ஒரு பெயரைச் செய்தார். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு பேச்சுவழக்கில் கொஞ்சம் விரசமான அர்த்தமும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்ததாம். இன்றைக்கு நம்ம ஊர் ஆன்லைன் கடைகளில்கூட 'ஜிக்லே கேன்வாஸ்' என்று விலையைக் கூட்டி விற்கிறார்கள். அடியில் இருப்பது இங்க்ஜெட்தான்.

சரி, பெயர் வந்தது, அழகும் வந்தது. ஆனால் ஐரிஸ் மை சாயமை. ப்ரூஃப் எடுக்கும் வேலைக்குப் படம் நாலு நாள் இருந்தால் போதும் என்று செய்த மை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கலையும். வெளிச்சத்தில் மாட்டினால் சில வருஷத்திலேயே வெளிறும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவர் வீட்டுச் சுவரில்!

இந்த இடத்தில் கதைக்குள் வருபவர் ஹென்றி வில்ஹெம். அயோவா மாநிலத்தில் கிரின்னெல் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டு, கலர் படங்கள் எப்படி மங்குகின்றன என்பதை மட்டுமே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட மனுஷன். 1993ல் அவர் வெளியிட்ட புத்தகம் 744 பக்கம். அதில் ஒரு வேதனையான செய்தி உண்டு. 1942ல் கோடக் 'கோடகலர்' என்ற கலர் பிலிமையும் பிரிண்டையும் கொண்டுவந்தது. அன்று முதல் 1953 வரை எடுத்த கோடகலர் பிரிண்ட்கள் எல்லாமே மங்கி, மஞ்சள் கறை படிந்துவிட்டன. யுத்த காலத்துக் குடும்பங்கள், பிறந்த குழந்தைகள், ஒரு தலைமுறையின் கலர் ஆல்பம் முழுக்கப் போச்சு.

கொஞ்சம் நின்று காரணத்தைப் பார்த்துவிடலாம், என் சுவருக்கும் இதுதான் விடை. தாத்தா படத்தில் இருப்பது சாயமே இல்லை, உலோக வெள்ளித் துகள். ஸ்டூடியோக்காரர் ஹைப்போவை நன்றாகக் கழுவியிருந்தால் நூறு வருஷம் தாங்கும். கலர் படத்தில் வெள்ளியைக் கழுவி எடுத்துவிட்டு மூன்று சாயங்களை மட்டும் விடுகிறார்கள். சயான் என்கிற நீலப்பச்சை, மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு, பிறகு மஞ்சள். அந்தக் காலக் கலர் பேப்பர் பலவற்றில், பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் சயான் மெதுவாகச் சிதையும். சயான் போனால் மிச்சம் சிவப்பு. நம்ம வீடுகளில் இருக்கும் 80கள் கல்யாண ஆல்பங்களின் சிவப்புக்கு இதுதான் அர்த்தம். வெயில் மேல மட்டும் பழி போட முடியாது.

1990களில் இங்க்ஜெட் வீட்டுக்கு வந்தது. 1994ல் எப்சனின் ஸ்டைலஸ் கலர் 720 டிபிஐ என்று வந்தபோதுதான் வீட்டு மேசையில் புகைப்படம் மாதிரி ஒன்றைப் பார்க்க முடிந்தது. அதே 1994ல் வந்த ஆப்பிள் குவிக்டேக் கேமராவின் படம் 640க்கு 480 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற தரத்தில் அச்சடித்தால் இரண்டு அங்குலம் சொச்சம்தான் வரும், தீப்பெட்டி அளவு. எனவே அந்தப் பத்து வருஷமும் எல்லோரும் மெகாபிக்சலைத்தான் பேசினார்கள். இன்றைக்கு 12 மெகாபிக்சல் போன் படம் 13க்கு 10 அங்குலம் தாராளமாக வரும். அந்தப் பிரச்சினை தீர்ந்து ரொம்ப நாளாச்சு.

2000ஆம் ஆண்டு எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 1270 வந்தது. அழகான பிரிண்ட். நிறுவனமும் சாயமை பிரிண்ட் சுமார் பத்து வருஷம் நிற்கும் என்று விளம்பரம் செய்தது, வில்ஹெமின் சோதனையும் ஏறத்தாழ அதையே சொன்னது. மக்கள் நம்பி வாங்கினார்கள். கொஞ்ச நாளில் புகார் வர ஆரம்பித்தது. சில வீடுகளில் பளபளப்பான பேப்பரில் எடுத்த படம் சில வாரங்களில், சில இடங்களில் சில நாட்களிலேயே, ஆரஞ்சாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவை நன்றாக இருந்தன, திறந்து வைத்தவை போயின.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். சோதனை பொய் இல்லை. ஆனால் அது வெளிச்சத்துக்கு எதிரான சோதனை. பல மடங்கு வெளிச்சத்தைக் கொட்டி, அதை வைத்து, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சத்தில் மாட்டினால் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுவது. குற்றவாளியோ காற்றில் இருந்தான், ஓசோன். அந்தப் புதுப் பேப்பர்களின் மேல்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. மை உடனே உறிஞ்சிக் காய்ந்துவிடும், கையில் ஒட்டாது, அதனால்தான் எல்லோருக்கும் பிடித்தது. அதே துளை வழியாகக் காற்றும் உள்ளே போய் சயான் சாயத்தைத் தின்றது. ஜெலட்டின் மாதிரி ஊதி மையை மூடிக்கொள்ளும் இன்னொரு வகைப் பேப்பர் இருந்தது. அது பிழைத்தது, ஆனால் காய நேரமாகும். அதன் பிறகுதான் ஓசோன் சோதனையும் வாடிக்கையில் சேர்ந்தது.

அதே 2000ல் எப்சன் 2000பி என்ற இன்னொரு பிரிண்டரையும் விட்டது. இதில் சாயம் கரையாமல், நுண்பொடியாக இருக்கும் பிக்மென்ட் மை. 200 வருஷம் என்று சொன்னார்கள். இதில் வேறொரு வேடிக்கை. குண்டு பல்பு வெளிச்சத்தில் சரியாக இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம், ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் பச்சையாகத் தெரியும். 2002ல் அல்ட்ராகுரோம் மையும், 2005ல் மூன்று வகைக் கறுப்பு வைத்த மையும் வந்த பிறகுதான் அது அடங்கியது. நல்ல பிக்மென்ட் பிரிண்ட் இன்று அருங்காட்சியகங்கள் வாங்கி வைக்கும் தரத்துக்கு வந்துவிட்டது.

நம்ம ஊர் கலர் லேப் கதை இதற்கு வெளியே, இணையாக ஓடிய ஒன்று. 1996ல் ஃபுஜியின் ஃபிரான்டியர் இயந்திரம் வந்தது. டிஜிட்டல் படத்தை லேசர் கொண்டு பழைய மாதிரியே வெள்ளி உப்புப் பேப்பரில் பதித்து, ரசாயனத்தில் கழுவித் தரும். டிஜிட்டல் வந்ததும் கெமிக்கல் செத்துப்போச்சு என்று நினைத்தவர்கள் எல்லாம் கெமிக்கல் பிரிண்டைத்தான் கையில் வைத்திருந்தார்கள். இந்தப் பேப்பரில் சாயம் ஜெலட்டினுக்குள் மூடியிருப்பதால் ஓசோன் அவ்வளவாகத் தொடாது. 80களை ஒப்பிட்டால் சாயமும் எவ்வளவோ முன்னேறிவிட்டது. 2006ல் ஆச்சி படத்தை நான் மெனக்கெட்டு வீட்டில் அச்சடிக்காமல் தெருமுனை லேபில் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

லேபில் கொடுப்பவர்கள் சொல்லும் ஒரே புகார், "ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சு, பிரிண்ட்ல இருட்டா வருது". பெரும்பாலும் தப்பு லேபில் இல்லை, போனின் வெளிச்சத்தில். திரை தானே ஒளிவிடும், காகிதம் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு படத்தைத் திருத்துங்க. இன்னொன்று நிறவெளி. 1996ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்பதைத்தான் பெரும்பாலான லேப் இயந்திரங்கள் எதிர்பார்க்கும். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து அப்படியே கொடுத்தால் தோல் நிறம் செத்துப்போய் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தைக் கொடுக்காதீங்க, அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்க. இங்க்ஜெட்தான் என்றால் சாயமா பிக்மென்டா என்று கேளுங்க. கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் சாயம் என்று எடுத்துக்கலாம்.

ஆச்சி படத்தைப் போன மாசம் சட்டத்திலிருந்து எடுத்து ஸ்கேன் செய்தேன். மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் மெஜந்தாவும் மஞ்சளும் ஓரளவு இருக்கின்றன. சயான் கிட்டத்தட்ட துடைத்து விட்டதுபோல. முகத்துக்கு அதிகம் சயான் தேவையில்லை என்பதால் முகத்தை மீட்க முடிந்தது. சிக்கல் புடவையில். அத்தை அது நீலம் என்கிறாள், அம்மா பச்சைன்னு அடிச்சுச் சொல்றாங்க. ரெண்டு பேரும் அன்னைக்கு ஆச்சி பக்கத்தில் நின்றவர்கள்தான். நீலம் என்றால் சயானோடு மெஜந்தா சேர்ந்திருக்கும், சயான் போனாலும் புடவை ரோஸாகத் தெரியணும். பச்சை என்றால் மஞ்சள் மிஞ்சியிருக்கணும். பெரிதாக்கிப் பார்த்தேன். புடவை இருந்த இடத்தில் ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம்தான், மற்றபடி வெளிறிய வெள்ளை. அப்படின்னா அது முக்கால்வாசி சயானாகவே இருந்திருக்கணும். மயில்கழுத்து. அதையே போட்டு லேபில் ஒரு காப்பி எடுத்து அத்தைக்கும் ஒன்று அனுப்பியிருக்கேன். "நான்தான் நீலம்னு சொன்னேன்ல" என்று பதில் வந்திருக்கு. அம்மாவிடம் இன்னும் காட்டலை.