நிறுத்தவும் கற்க வேண்டிய மருந்து

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்றொரு நகரம் உண்டு. 1883-ஆம் ஆண்டில் வீசிய சூறாவளி அந்நகரைச் சிதைத்தபோது, காயமுற்றோரைப் பேண முன்வந்த பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள், அவ்வூருக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என உறுதிகொண்டனர். அவ்வாறு 1889-இல் எழுந்த புனித மரியா மருத்துவமனையில் மேயோ குடும்பத்து மருத்துவர்கள் பணியாற்றினர். அங்கேதான், 1948 செப்டம்பர் 21 அன்று, மருத்துவ வரலாற்றின் போக்கை மாற்றிய ஓர் ஊசி போடப்பட்டது.

அதைப் பெற்றவர் இருபத்தொன்பது வயதுப் பெண். முடக்குவாதம் அவர் மூட்டுகளைப் பூட்டிவிட்டிருந்தது; படுக்கையில் புரள்வதும் அரிதாயிருந்தது. மூன்றாம் நாள் அவர் எளிதாகப் புரண்டு படுத்தார். ஒரு வாரம் கழிந்ததும் நகருக்குள் சென்று மூன்று மணி நேரம் கடைகளைச் சுற்றிவந்தார்.

ஊசி போடச் செய்தவர் பிலிப் ஹெஞ்ச். முடக்குவாத நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டுவலி தணிவதை அவர் 1929-இலேயே கண்டிருந்தார். கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே வலி குறைந்தது. அப்படியானால், நோயைத் தணிக்கும் ஏதோ ஒரு பொருள் உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும் அன்றோ? அவருடன் பணியாற்றிய வேதியியலார் எட்வர்ட் கெண்டல், மாட்டின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ஒன்றே பின்னர் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. மாட்டுப் பித்தநீரைக் கொண்டு அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வழி 1944-இல் கண்டறியப்பட்டது. நோயாளிகள் எழுந்து நடக்கும் காட்சிகளை 1949 ஏப்ரலில் படமாகக் காட்டியபோது உலகம் வியந்தது. அடுத்த ஆண்டே ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆனால் இம்மருந்து நோயை வேரோடு நீக்குவதன்று. ஊசியை நிறுத்தினால் வலி திரும்பியது. தொடர்ந்தாலோ வேறு துன்பங்கள் தலைகாட்டின. முகம் முழுநிலாப்போல் உப்பியது. உறக்கம் போயிற்று, சிலருக்கு மனம் தடுமாறியது. எலும்பு மெலிந்தது, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்தது. அற்புத மருந்து எனப் போற்றியவர்களே அதைக் கண்டு அஞ்சத் தொடங்கினர்.

ஆனால் அச்சமும் ஓர் ஆபத்தைத் தன்னுள் வைத்திருந்தது. 1952-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஒரு துயரச் செய்தி வெளியாயிற்று. முடக்குவாதத்துக்காகப் பல மாதங்கள் கார்ட்டிசோன் உட்கொண்ட ஒருவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் மருந்தை நிறுத்திவிட்டனர். அறுவை முடிந்ததும் அவருடைய இரத்த அழுத்தம் வீழ்ந்தது, எந்த முயற்சியாலும் அதை மீட்க இயலவில்லை, அவர் இறந்தார். உடலை ஆய்ந்தபோது அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன.

காரணம் இதுவே. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அச்சுரப்பிகளுக்கு, சுரக்குமாறு கட்டளை மூளையடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் அக்கட்டளை அடங்கிவிடும். சுரப்பிகளும் சோர்ந்து சுருங்கும். இறைக்கிற கிணறே ஊறும் என்பர் நம் மூத்தோர். பல மாதம் இறைக்காத கிணற்றை நம்பி, வெளியிலிருந்து வரும் தண்ணீரை ஒரே நாளில் நிறுத்தினால் வீடு என்னாகும்? காய்ச்சல், விபத்து, அறுவை போன்ற இடர்களில் உடலுக்கு இச்சுரப்பு வழக்கத்தினும் மிகுதியாக வேண்டும். அந்நேரத்தில் கிணறு வறண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

உறங்கிய சுரப்பி விழிக்க எத்தனை நாள் ஆகும்? 1965-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தந்தது. நெடுங்காலம் மருந்துண்டவர்களுக்கு முதலில் பிட்யூட்டரி விழிக்கிறது. அட்ரீனல் அதற்குப் பின்பே விழிக்கிறது. முழுமையாக மீள ஒன்பது மாதங்கள்கூட ஆகலாம். எனவேதான் மருத்துவர்கள் படிப்படியாகக் குறைக்கும் முறையைக் கைக்கொண்டனர். இன்று பெரிதும் வழங்கும் பிரெட்னிசோலோனில் 5 மில்லிகிராம் என்பது, உடல் ஒரு நாளில் தானே சுரப்பதற்கு ஏறக்குறைய ஈடாகும். அந்த அளவை நெருங்கும்போதுதான் குறைப்பின் வேகம் மிகவும் தணிய வேண்டும். சில நாள் மட்டும் உண்டவருக்குப் பெரும்பாலும் இத்தொல்லை இல்லை. மூன்று நான்கு வாரங்களுக்குமேல் உண்டவர் தாமாக நிறுத்தலாகாது.

இக்கதை நமக்குத் தொலைவானதன்று. 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரும் ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளிடையே நேர்ந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு தவிர்த்ததாகக் காட்டியது. மறு ஆண்டு நம் நாட்டில், நீரிழிவு உள்ளவர்களிடையே, அளவும் தேவையும் கடந்து இம்மருந்து வழங்கப்பட்டதும் ஒரு காரணமாகக் கரும்பூஞ்சை நோய் பரவிற்று. உயிர் காத்த மருந்தே கண்ணையும் தாடையையும் பறிக்கத் துணைபோயிற்று. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தாமே வாங்கி உண்போரும், முகம் உப்பியதைக் கண்டு ஒரே இரவில் மாத்திரைகளை வீசுவோரும் இன்றும் நம்மிடையே உளர். செயல் வேறாயினும் இருவர் பிழையும் ஒன்றே: உடலுக்குள் நடப்பதை அறியாமை.

ஆதலின் நம் வீட்டில் எவரேனும் நெடுநாளாக ஸ்டீராய்டு உண்பவராயின், அதை மருத்துவரிடமும், பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடமும் மறவாது கூறுதல் வேண்டும். பெருமளவில் உறிஞ்சும் மருந்துக்கும், நெடுநாள் பூசும் வலிய களிம்புக்கும் இது பொருந்தும். குறைக்கும் நாள்களில் தலைசுற்றல், வாந்தி, கடும் சோர்வு தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். 2020 முதல் இங்கிலாந்தில், இத்தகையோர் அவசர அட்டையொன்றைத் தம்முடன் வைத்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. அத்தகைய அட்டை இல்லாதவரும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

ராச்செஸ்டரில் அந்தப் பெண்ணை ஒரு வாரத்தில் எழுப்பி நடத்திய மருந்தை விடுவதற்குப் பல மாதங்கள் வேண்டியிருக்கலாம். அத்தனை நாளும் பொறுத்து, மருத்துவர் சொன்ன அளவின்படி குறைத்து வருவதும் சிகிச்சையே.