சைக்கிளா, மலையேற்றமா? முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கணும்?

மருந்தகத்தில் முதலுதவிப் பெட்டி வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது மூடியில் இருக்கும் எண்ணிக்கைதான்: 100 பொருட்கள், 150 பொருட்கள். திறந்து பாருங்க. பெரும்பாலும் சின்னச் சின்ன பிளாஸ்டரும் ஆல்கஹால் துடைப்புத் தாளும்தான் இருக்கும். வீட்டில் விரல் கீறினால் அது போதும். லிங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்து மண் பாதையில் சைக்கிள் சறுக்கி, முட்டியிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்துவிட்டால் அந்த நூறில் ஒன்றுகூட உதவாது.

அதனால் எண்ணிக்கையை விடுங்க. போகிற வழியில் என்ன நடக்கலாம், நடந்தால் உதவி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்ற இரண்டு கேள்விகளோடு கடைக்குப் போங்க.

தாத்தா பாட்டி காலத்தில் இரண்டாவது கேள்விக்குப் பல தோட்டங்களிலேயே பதில் இருந்தது. "டிரெஸ்ஸர்" என்று அவர்கள் சொல்வாங்களே, அந்தத் தோட்ட மருத்துவ உதவியாளர்தான் காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. இன்று லிங்கி வட்டாரத்தில் பெரிதாக அடிபட்டால் போர்ட்டிக்சன் மருத்துவமனைக்கோ சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ போக வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரை எளிதாக வந்துவிடும். செம்பனை வரிசைகளுக்குள் உங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் இந்தப் பெட்டி.

சைக்கிளில் போகிறவர்களுக்கு

சிராய்ப்புதான் அடிக்கடி வரும். முதலில் கழுவணும். சின்னச் சின்ன சலைன் குப்பிகள் நாலைந்து இருக்கட்டும். இல்லையென்றால் சுத்தமான குடிநீரே போதும். பிறகு காயத்தில் ஒட்டிக்கொள்ளாத பெரிய டிரெஸ்ஸிங், அதன்மேல் கிரேப் பேண்டேஜ். உரிந்த தோலில் ஆல்கஹால் தேய்க்காதீங்க. எரிச்சல்தான் மிச்சம், திசுவும் பாதிக்கப்படும். மஞ்சள்தூள், காப்பித்தூள் வைத்து அழுத்துகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதுவும் வேண்டாம்.

ரத்தம் நிற்காமல் வந்தால் கோஸ் துணியை மொத்தமாக மடித்து நேரடியாக அழுத்திப் பிடிக்கணும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டோ காறை எலும்போ முறியலாம். அதற்கு ஒரு முக்கோணத் துணி. கழுத்தில் தொங்கவிட்டுக் கட்ட அதைவிட எளிதான பொருள் இல்லை. கையுறை இரண்டு ஜோடி, மழுங்கிய முனைக் கத்தரி, செம்பனை முள் எடுக்க நல்ல இடுக்கி.

தோட்டத்தில் எலிகள் அதிகம். அவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றலாம். திறந்த காயம் அதற்கு வாசல். மூடிய காயத்தோடுதான் தண்ணீர் தேங்கிய குட்டையைத் தாண்டணும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீங்க என்பதையும் பார்த்துக்கொள்ளுங்க.

பாம்புக்கு என்ன வாங்குவது?

எதுவும் வாங்க வேண்டாம். விஷத்தை உறிஞ்சி எடுப்பதாக விற்கும் பம்ப் வேலை செய்யாது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு சரி. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட கை காலை ஒரு கம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, 999-ஐ அழையுங்க. விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும்.

எலி இருக்கும் இடத்துக்கு நாகமும் வரும். விஷத்தைப் பீய்ச்சியடிக்கும் நாகம் நம் நாட்டில் உண்டு. கண்ணில் பட்டால் தேய்க்காமல் 15, 20 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகணும். கூடுதலாக ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துப் போக இந்த ஒரு காரணமே போதும்.

மலைக்கு என்றால்

ரெம்பாவ் பக்கம் இருக்கும் குனோங் டத்தோ 884 மீட்டர்தான். ஆனால் வேர்களும் பாறையும் கணுக்காலைச் சுளுக்க வைக்கும். இரண்டாவது கிரேப் பேண்டேஜ் இங்கே தேவைப்படும். விசில், தலைவிளக்கு, மடித்தால் கைக்குள் அடங்கும் அலுமினியப் போர்வை. வியர்த்துக் கொட்டும், ஆகவே ஓஆர்எஸ் பாக்கெட்டுகள். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்கணும். வெயிலில் ஒருவர் குழம்பிப் பேச ஆரம்பித்தால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து 999-ஐ அழைக்கணும். அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, நகத்தால் நகர்த்தி எடுத்துவிடலாம்.

மாத்திரையில் பாராசிட்டமோலும் ஒவ்வாமை மருந்தும் போதும். ஆஸ்துமா இருந்தால் உங்கள் இன்ஹேலர்தான் பெட்டியில் முதல் பொருள். போய்வந்த சில நாளில் காய்ச்சல் வந்தால், டிங்கி இல்லையென்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். தோட்டத்துப் பக்கம் போனதையும் மருத்துவரிடம் சொல்லுங்க.

தோட்டப் பாதைகளில் பிளாக் எண் எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீங்க. கடக்கும்போதே ஒரு படம் எடுத்து வைங்க. 999-இல் "செம்பனைக்குள்ள இருக்கோம்" என்று சொல்வதைவிட அந்த எண்ணும் தோட்டத்தின் பெயரும் உதவும். முடிந்தால் ஒருவரைச் சாலை முனைக்கு அனுப்பி நிற்க வைங்க.

பெட்டியைக் கார் பூட்டிலேயே விட்டுவைக்காதீங்க. அந்தச் சூட்டில் பிளாஸ்டரின் பசை போய்விடும், மருந்தும் கெடும்.