முகம் மாறிய கடிகாரங்கள்

கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணை நீர் பெங்களூர்ப் பக்கமிருந்து வருவது. கைக்கடிகாரத் தொழிலும் அதே திசையிலிருந்துதான் இப்பகுதிக்கு இறங்கியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டனைத் தோற்றுவிக்க, அதன் ஆலை ஓசூரில் எழுந்தது.

எங்கள் அப்பாவிடம் இருந்தது எச்.எம்.டி. ஜனதா. வியர்வையும் மழையும் பட்டு அதன் டயல் பழுத்த இலைபோல் மஞ்சளித்துவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்தபோது, கடைக்காரர் கேளாமலே பளபளக்கும் நீல டயலும் புது முட்களும் பொருத்திக் கொடுத்தார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடுவது என் கடிகாரம்தான், பார்ப்பது வேறு யாரையோ போலிருக்கிறது" என்றார். பழைய டயலைக் கேட்டோம். அது குப்பைக்குப் போயிருந்தது.

டயல் மாற்றுவது எளிய வேலையன்று. டயலின் பின்புறத்தில் இரண்டு சிறு கால்கள் உண்டு. அவை இயந்திரத்திலுள்ள துளைகளில் சரியாக அமர வேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் அத்துளைகளின் இடம் மாறும். பொருந்தாத டயலை வலிந்து பொருத்துவோர் கால்களை வெட்டிவிட்டு ஒட்டுவர். முட்களின் துளையும் அச்சின் பருமனுக்கு இசைய வேண்டும். ஒன்றையொன்று உரசாத இடைவெளியும் வேண்டும். 1960கள் வரை வந்த சில கடிகாரங்களின் முட்களிலும் எண்களிலும் இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சு இருந்தது. ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு நீங்குவதில்லை. அதைச் சுரண்டிப் புதுப்பிப்பது உயிரோடு விளையாடுவது.

முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது சொல்கின்றனர். அக்கருவிக்கு முட்கள் இல்லை. செய்தவன் பெயரும் இல்லை. நம்பிக்கை, சொல்லும் ஆளிடம் இருந்தது. பிற்காலத்தில் அந்நம்பிக்கை முகப்பில் எழுதிய பெயருக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் அப்பெயரும் என்றுமே முழு உண்மை பேசியதில்லை. சென்னை மவுண்ட் சாலையின் பி. ஓர் அண்ட் சன்ஸ் விற்ற கடிகாரங்களின் முகப்பில், விற்ற கடையின் பெயரே எழுதப்பட்டிருந்தது. டயல் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஜெனீவாவின் ஸ்டெர்ன் குடும்பம் 1932இல் படேக் பிலிப் நிறுவனத்தையே வாங்கியது. முகம் செய்தவர்கள் உடலுக்கும் உரிமையாளரானார்கள்!

முகத்தின் விலைக்கு இன்னொரு சான்று ரோலெக்ஸ் டேடோனா. நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த அக்கடிகாரம் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏறத்தாழ 1.77 கோடி டாலருக்கு ஏலம் போனது. அவ்வகை டயல் வெளிவந்த காலத்தில் அதை விரும்பி வாங்கியோர் குறைவு. புகழ் வந்த பின்னரோ, சாதாரண டேடோனாவுக்கு அந்த முகத்தைப் பொருத்தி ஏமாற்றுவோர் பெருகினர்.

எச்.எம்.டி.க்கும் அதுவே நேர்ந்தது. 2016இல் நடுவண் அரசு அதன் கடிகார நிறுவனத்தை மூட முடிவெடுத்தது. மூடிய பின் பற்று பெருகியது. ஆலை ஒருபோதும் வெளியிடாத வண்ணங்களில் டயல் தீட்டிய ஜனதாக்கள் சந்தைக்கு வந்தன. எழுத்தின் விளிம்பு தடித்துக் கலங்கியிருப்பதைக் கண்டு, தேர்ந்த கண்கள் அவற்றை அடையாளம் காணும்.

அப்படியானால் முகம் மாற்றுவது குற்றமா? 2024இல், ரோலெக்ஸ் தொடுத்த வழக்கொன்றில் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தெளிவானதொரு கோடு கிழித்தது. உரிமையாளர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கேட்க, அவருடைய கடிகாரத்தை மாற்றித் தருவது குற்றமன்று. நிறுவனத்தின் இசைவின்றி, மாற்றிய கடிகாரங்களை அதன் பெயரிலேயே சந்தையில் விற்பது வேறு.

இது நமக்குப் புதிதன்று. சுவடிகளைப் பதிப்பித்தோர் பாடத்தைத் திருத்தினர். நல்ல பதிப்பாசிரியரோ பழைய பாடத்தை அடிக்குறிப்பில் காத்தார். திருத்தும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. அழிப்பதும் மறைப்பதுமே பிழை. எனவே டயல் மாற்ற விரும்பும் நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: பழைய டயலையும் முட்களையும் ஒரு தாளில் மடித்து, மாற்றிய நாளையும் எழுதி வையுங்கள்.

நீல முகத்தோடு அப்பாவின் ஜனதா என் மேசையில் இன்றும் ஓடுகிறது. அந்த மஞ்சள் முகத்துக்கு அடிக்குறிப்பாக இக்கட்டுரை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.