மன்னார்த் தீவு: முத்துப் போன கதையும் மண் போகும் கதையும்



2024ஆம் ஆண்டு பங்குனி மாதம், இங்கே யூலன்டில் குளிர் இன்னும் விடாத ஒரு காலையில், முன்பின் தெரியாத ஒருவர் மன்னாரிலிருந்து தொலைபேசி எடுத்தார். "அண்ணை, பேசாலைப் பக்கம் உங்கட அப்பாவின்ர பேரில ரெண்டு ஏக்கர் பனங்காணி கிடக்குதாம். சும்மாதானே கிடக்குது. நல்ல விலை தருவினம்" என்றார். யார் தருவினம் என்று கேட்டேன். மழுப்பினார். வீடு கட்டவோ என்று கேட்டேன். "இல்லையண்ணை, மண்ணுக்கு" என்றார்.

மண்ணை விலைக்குக் கேட்டு ஆள் வரும் என்று அப்பா கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அன்றிலிருந்து எங்கட தீவின் சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். இது முதல் தரம் இல்லை என்று விளங்கியது.

மன்னார்த் தீவு இந்தியாவை நோக்கி நீட்டிய விரல் மாதிரி, ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளம். விரல் நுனி தலைமன்னார். அதற்கப்பால் இராமர் அணை மணல் திட்டுகள். 1560இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். இந்த வரட்சியான தீவில் இவர்களுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் நான் யோசித்ததுண்டு. ஒரு பெரிய காரணம் தீவுக்குத் தெற்கே கடலுக்கடியில் கிடந்த முத்துப் பார்கள்.

மாசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை, வாடைக்காற்று அடங்கிச் சோளகம் எழும்ப முன்னம், கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும். அதுதான் சலாபக் காலம். இரண்டு கரையிலுமிருந்து தமிழரும் முஸ்லிம்களும், அரபுக் குளிகாரரும்கூட வருவார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரு மூச்சில் இறங்கிச் சிப்பி அள்ள வேண்டும். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் தெரிந்த "கடல்கட்டி" கரையில் இல்லாவிட்டால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். நம்பாத வெள்ளைக்காரத் துரைமாரே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்!

ஆங்கிலேயர் வந்த கையோடு 1796, 1797, 1798 என்று தொடர்ந்து மூன்று வருடம் அள்ளினார்கள். பிறகு விளைச்சல் குறைந்தது. சலாபத்தை மேற்பார்வை செய்ய முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பில் ஒரு மாளிகை கட்டுவித்தார். இன்று அது இடிந்த சுவர். கரை அரிக்க அரிக்கத் துண்டு துண்டாகக் கடலில் விழுகிறது. நூறு வருடம் கழித்து அதே கதை. 1905இல் ஒரே சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள். அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா. அடுத்த வருடமே பார்களை ஓர் இங்கிலாந்துக் கொம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பல வருடங்கள் சலாபமே இல்லை. சிப்பி சில காலம் வரும், சில காலம் வராது, அது கடலின் குணம். முழுப் பழியையும் கொம்பனியில் போட முடியாது. ஆனால் கடலைக் குத்தகைக்குக் கொடுக்க முன்னம் கரையில் இருந்த சனத்தை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மண்ணுக்கு வருவோம். தீவின் மணலில் இல்மனைற்று என்ற கறுப்புக் கனிமம் இருக்கிறது. அதிலிருந்துதான் வெள்ளைப் பெயின்ருக்கான தூள் செய்கிறார்கள். புல்மோட்டையில் அரசாங்கம் பல காலமாக எடுத்து வருவது இதைத்தான். மன்னாரில் ஓர் ஆஸ்திரேலியக் கொம்பனி தேடுதல் அனுமதி எடுத்து, காணிகளுக்குள்ளே ஆயிரக்கணக்கான துளைகள் போட்டுப் பார்த்தது.

மண் போனால் என்ன, பெரிய பொருளோ என்று இங்கே ஒரு தம்பி கேட்டார். அவருக்குப் பூவல் தெரியாது. எங்கட அம்மம்மா விடிய எழும்பி, மணலில் கையளவு ஆழம் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் குடத்தில் அள்ளுவா. சுற்றிவரக் கடல், நடுவில் தேங்காய்த் தண்ணீர் மாதிரி நன்னீர்! மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேட்டை வெட்டி அந்த ஓரடியை இறக்கினால் அடியிலிருந்து உப்பு ஏறும். கனிமத்தை அரித்தபின் மிச்ச மண்ணைத் திருப்பிப் போடலாம் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான பதில். பானையை உடைத்து ஓட்டைத் திருப்பித் தருகிற மாதிரித்தான் எனக்குப் படுகிறது.

காற்றாடி விசயம் எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. 2020 மார்கழியில் தீவின் தென்கரையில் திறந்த 30 காற்றாடிகளும் இந்த நாட்டு வெஸ்டாஸ் நிறுவனத்தினுடையவை. நான் காற்றாடிக்கு எதிரி இல்லை. கொப்பன்கேகன் கடலில் 2000ஆம் ஆண்டு நட்ட 20 காற்றாடிகளில் பாதி, 8,500க்கு மேற்பட்ட சாதாரண சனத்தின் பங்கில் நிற்கிறது. கரையோரம் கட்டிடம் கட்டாமல் இங்கே 1937 முதலே சட்டம் இருக்கிறது. முதலில் 100 மீற்றர், பிறகு 300 ஆக்கினார்கள். மன்னாரில் அப்படிப் பங்கும் இல்லை, கேள்வியும் இல்லை. வழிமறித்து மழைத்தண்ணீர் வடியாமல் நிற்குது, மீன் விலகிப் போச்சுது என்று சனம் சொல்லுது. இந்தியப் பெருமுதலாளி அதானியின் 250 மெகாவாற் திட்டம் வழக்குகளுக்குப் பிறகு 2025 மாசியில் கைவிடப்பட்டது. ஆனால் வேறு காற்றாடிகள் வந்தன. அந்த ஆவணியில் மன்னார் நகரில் சனம் இரவு பகலாக உட்கார்ந்தது. ஒரு மாதம் வேலையை நிறுத்தினார்கள். புரட்டாதிக் கடைசியில் பொலிஸ் காவலோடு பாகங்கள் வந்தபோது அடிபிடி, பிறகு கடையடைப்பு. அதே வருடம் கேரளக் கடலில் தாண்ட கப்பலின் பிளாஸ்ரிக் குருணி வேறு கரையில் வந்து ஒதுங்கியது.

அந்தப் போராட்டப் படங்களில் பாதிரிமாரும் மௌலவிமாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். 1990 ஐப்பசியில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் சனத்தைப் புலிகள் தீவைவிட்டு வெளியேற்றியதை நாங்கள் இந்த மலரில் எழுதுவது குறைவு. முத்துக் குளித்த ஊர்கள் அவை. அந்தக் கரைக்கு அவர்களும் உரித்துக்காரர்.

எங்கட காணி உறுதி என்னிடம் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கிறது. அப்பாவுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு. தம்பி தமிழ்நாட்டில் முகாமில் இருக்கிறான். அவனுக்குக் காசு தேவை, நான் அவனுக்கு உபதேசம் சொல்ல முடியாது. என் பங்கு மண்ணுக்குப் போகாது என்று மட்டும் சொல்லிவிட்டேன். தரகர் பிறகும் இரண்டு தரம் எடுத்தார். கடைசித் தரம் கனடாவிலுள்ள அக்காவின் நம்பரைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. "பரவாயில்லை அண்ணை, எடுக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.