கடைசி ஒரு முழம்

1962ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டனர். பதின்மூன்று நாட்களுக்கு முன் விண்ணில் ஏவப்பட்ட டெல்ஸ்டார் என்னும் செயற்கைக்கோள் அதைச் சாத்தியமாக்கியது. அதிபர் கென்னடியின் செய்தியாளர் சந்திப்பு தொடங்குவதற்கு முன்பே, சிகாகோ நகரின் ரிக்லி மைதானத்தில் நடந்துகொண்டிருந்த பேஸ்பால் ஆட்டத்தின் சிறு பகுதி ஐரோப்பியத் திரைகளில் ஒளிர்ந்தது. செயற்கைக்கோள் ஒளிபரப்பும் விளையாட்டும் பிறந்த நாள் முதலே கூடிப் பயணம் செய்பவை என்று நாம் சொல்வது இதனால்தான்.

அன்று கோடைக்காலம். ஆனால் அந்த நிலையங்களைக் கட்டியவர்கள் டிசம்பரையும் நினைத்தே கட்டினார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த ஆண்டோவர் என்ற சிற்றூரில் 177 அடி நீளமுள்ள ஒரு மாபெரும் கொம்பு வடிவ அலைவாங்கி நிறுவப்பட்டது. தாழ்ந்த பாதையில் விரைந்து செல்லும் டெல்ஸ்டார், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இருபது நிமிடங்களே இரு கரைகளுக்கும் ஒருசேரத் தென்படும். அந்த இருபது நிமிடங்களும் அலைவாங்கி இம்மியும் பிசகாமல் அதைப் பின்தொடர வேண்டும். மெய்னின் பனிப்புயலும் காற்றும் அதற்கு இடம் தருமா? ஆகவே அலைவாங்கி முழுவதையும், 210 அடி விட்டமுள்ள, காற்றடைத்த துணிக் குமிழி ஒன்றுக்குள் வைத்துவிட்டார்கள். பிரான்சின் ப்ளேமர்-போடூவிலும் இதேபோன்றதொரு குமிழி எழுந்தது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்த கூன்ஹில்லி மட்டும் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே 26 மீட்டர் விட்டமும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட வட்ட டிஷ், மழைக்கும் காற்றுக்கும் நடுவே திறந்தவெளியில் நின்றது.

போர்த்திக்கொள்வதா, திறந்து நிற்பதா? இந்தக் கேள்விக்கு வானமே விடை சொன்னது. குமிழி பனியின் பாரத்தைத் தாங்கியது, காற்றைத் தடுத்தது. ஆனால் குமிழியே நனைந்தபோது அதன்மேல் படர்ந்த மெல்லிய நீர்ப்படலம் விண்ணிலிருந்து வந்த அலைகளைப் பலவீனமாக்கியது. ஆண்டோவரின் பொறியாளர்கள் மழை நாட்களில் இதை அளந்தே கண்டார்கள். பின்னாளில் எழுந்த பெரிய தரைநிலையங்களுள் பல குமிழியைக் கைவிட்டு, திறந்த டிஷ்ஷின் முதுகில் வெப்பமூட்டிகளைப் பொருத்தும் வழிக்கு வந்து சேர்ந்தன.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தமிழில் பனி என்பது ஒரே சொல். மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்பதும் பனி, இமயத்தில் பொழிவதும் பனி. முன்பனி, பின்பனி என்று பொழுதைப் பிரித்த நாம் பொருளைப் பிரிக்கவில்லை. பிரிக்கும் தேவை நமக்கு இருந்ததில்லை. செயற்கைக்கோள் பொறியாளருக்கோ அந்தப் பிரிவினையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உலர்ந்த வெண்பனி நுண்ணலைகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கண்ணாடி ஒளியை விடுவதுபோல் பனிக்கட்டி அவற்றை ஏறத்தாழ முழுமையாக விட்டுவிடும். நீர் அப்படியன்று, அது அலையை விழுங்கும். ஆகவே ஒளிபரப்பின் உண்மையான பகை கடுங்குளிர் அல்ல. சுழியம் பாகைக்கு அருகே, பாதி உருகியும் உருகாமலும் டிஷ்ஷில் ஒட்டிக்கொள்ளும் ஈரப்பனியே பகை. அது அலையை உறிஞ்சுவதோடு நில்லாமல், துல்லியமான வளைவின்மேல் மேடுபள்ளமாகப் படிந்து குவியத்தையும் கலைக்கிறது. மழை வலுக்கும்போது நம் ஊர் வீடுகளில் டிஷ் வழி வரும் படம் தடைப்படுவதற்கும் வேர் இதே நீர்தான்.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை, அத்தனை தொலைவையும் பழுதின்றிக் கடந்துவிடுகிறது. அது தோற்பது கடைசி ஒரு முழத்தில்.

கடைசி முழத்தின் வரலாற்றை அறிய வடதுருவத்தை நோக்கிப் போக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பூமத்திய ரேகை மேல் நிற்கும் கோள் தொடுவானத்தை ஒட்டியே தெரியும். சோவியத் பொறியாளர்கள் இந்தச் சிக்கலைப் பாதையை மாற்றித் தீர்த்தனர். 1965இல் ஏவப்பட்ட மோல்னியா ஒரு நீள்வட்டப் பாதையில் சுற்றியது. வடகோளத்தின் தலைக்கு மேலே பல மணிநேரம் தங்கிச் சென்றது. 1967இல் தொடங்கிய ஓர்பிட்டா வலையமைப்பு, சைபீரியாவிலும் தூர வடக்கிலும் 12 மீட்டர் டிஷ்களை வட்டக் கட்டடங்களின் கூரைகளில் நிறுவி மாஸ்கோவின் ஒளிபரப்பை வாங்கியது. விலை இல்லாமல் இல்லை. கோள் நகர்வதால் டிஷ்ஷும் நகர வேண்டும். சைபீரியக் குளிரில் இயந்திரங்கள் ஓயாமல் அசைய வேண்டும்.

கனடா வேறு வழியில் சென்றது. 1972 நவம்பரில் அது ஏவிய அனிக் ஏ1, ஒரு நாடு தன் உள்நாட்டுத் தேவைக்கென்றே நிலைப்பாதையில் நிறுத்திய முதல் தொலைத்தொடர்புக் கோள். இனுயிட் மக்களின் மொழியில் அனிக் என்றால் சகோதரன். அதற்கு முன் வடக்கின் சில ஊர்களுக்குத் தொலைக்காட்சி ஒளிநாடாக்களாகவே போய்ச் சேர்ந்தது. கனடாவின் உயிர்மூச்சான ஐஸ் ஹாக்கியைப் பழைய செய்தியாகப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? அனிக் வந்தபின் தெற்கின் ஆட்டங்களை அதே இரவில் காணும் வழி வடக்குக்குத் திறந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. ரெசொல்யூட் போன்ற ஊரிலிருந்து அனிக்கைப் பார்க்க, தொடுவானத்துக்கு மேல் சுமார் ஆறு பாகை உயரத்தையே குறிவைக்க வேண்டும். சமிக்ஞை காற்றுமண்டலத்தைச் சாய்வாக, நேர் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தொலைவு கடந்து வருகிறது. ஆனால் அதே காரணத்தால் டிஷ் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. அதில் பனி எளிதில் தங்குவதில்லை. பொழிவதும் பெரும்பாலும் உலர்பனி. மிகக் கொடிய குளிர் நிலவும் இடத்தைவிட, உறைவதும் உருகுவதுமாக நாட்கள் கழியும் மிதக்குளிர் நாடுகளில்தான் பனியால் படம் அதிகம் பாழாகிறது.

வடக்குக்கு வந்த தொலைக்காட்சி வெறும் மகிழ்ச்சியை மட்டும் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இக்லூலிக் என்ற சிற்றூரின் இனுயிட் மக்கள் 1975இலும் 1979இலும் வாக்களித்துத் தொலைக்காட்சியை மறுத்தார்கள். பனியால் இயலாததை அவர்கள் தம் விருப்பத்தால் செய்தார்கள். தம் மொழியில் எதுவும் இல்லாத பெட்டியை அவர்கள் வேண்டவில்லை. இனுக்டிடுட் மொழி நிகழ்ச்சிகளுக்கு வழி பிறந்த பின்னரே, 1983இல் இசைந்தார்கள். மறுபுறம், 2003இல் ராங்கின் இன்லெட்டில் வளர்ந்த ஜோர்டின் டூட்டூ, வட அமெரிக்காவின் தலையாய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் இனுயிட் வீரரானார். ஒரு காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே மட்டும் பாய்ந்த காட்சியில் இப்போது வடக்கின் மகன் ஒருவரும் இருந்தார்.

1994இல் அமெரிக்காவில் 46 சென்டிமீட்டர் விட்டமே உள்ள சிறு டிஷ்கள் வீடுகளுக்கு வந்தன. டைரெக்டிவி நிறுவனம் அவ்வாண்டு முதல் அமெரிக்கக் கால்பந்தின் ஞாயிறு ஆட்டங்களைத் தொகுப்பாக விற்றது. ஆட்டப் பருவத்தின் உச்சம் டிசம்பரும் ஜனவரியும். பனியின் உச்சமும் அவையே. பழைய பெரிய டிஷ்கள் வாங்கிய அலைகளின் நீளம் ஏழரை சென்டிமீட்டர், புதியவற்றுடையது இரண்டரை. அலை குறுகக் குறுக நீர் அதை அதிகம் விழுங்கும். பழைய ஒப்புமை முறையில் சமிக்ஞை தளர்ந்தால் படம் மெல்லப் புள்ளிபுள்ளியாகக் கலங்கும். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே பனி. டிஜிட்டல் முறையில் அந்த இடைநிலை கிடையாது. ஓர் எல்லைவரை படம் பழுதின்றி வரும், அதற்குக் கீழே சட்டென நின்றுவிடும். பந்து காற்றில் இருக்கும் கணத்தில் திரை உறையும். மக்கள் நீண்ட துடைப்பங்களோடு முற்றத்துக்கு வந்தார்கள். சிலர் பனி ஒட்டாதிருக்கச் சமையல் எண்ணெயைத் தெளித்துப் பார்த்தார்கள். சிலர் வெப்பமூட்டிகளை வாங்கிப் பொருத்தினார்கள்.

அலைக்குத் தடையில்லாதபோதும் குளிர்காலம் நேரலையை வெல்வதுண்டு. 1988 டிசம்பர் 31 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் பேர்ஸ், ஈகிள்ஸ் அணிகள் மோதிய ஆட்டத்தின்போது அடர்ந்த மூடுபனி இறங்கியது. பேர்ஸ் 20–12 என வென்றது. ஆனால் அரங்கில் இருந்தவர்களே ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை. மூடுபனித் துளிகள் நுண்ணலைகளைவிட மிகச் சிறியவை, அவற்றைப் பெரிதாகத் தீண்டுவதில்லை. ஒளியைத்தான் மறைக்கின்றன. அனுப்பும் வழி திறந்திருந்தாலும் அனுப்பக் காட்சி இல்லை. 1998 நாகனோ குளிர்கால ஒலிம்பிக்கிலும் பிப்ரவரி 8இல் நடக்கவேண்டிய ஆண்களுக்கான மலைச்சரிவுப் பந்தயம் வானிலையால் பலமுறை தள்ளிப்போய் 13இல்தான் நடந்தது. மணிக்கணக்கில் முன்பதிவாகும் செயற்கைக்கோள் நேரத்தைக் கொண்டு அட்டவணை வகுப்பவர்களுக்கு அதுவும் ஒரு பனிப்புயலே.

இன்று அரங்குகளிலிருந்து காட்சிகள் பெரும்பாலும் கண்ணாடி இழைகளில் செல்கின்றன. அந்த ஞாயிறு ஆட்டத் தொகுப்பும் 2023 முதல் இணையவழிக்கு மாறிவிட்டது. ஆயினும் இழை எட்டாத தீவுகளும் துருவ ஊர்களும் இன்னும் வானையே நம்பியிருக்கின்றன. நேரலை என்பது தொலைவை ஒழித்துவிட்டது என்று நாம் பேசிக்கொள்கிறோம். அதைக் காக்க மனிதர் அறுபது ஆண்டுகளாகக் குமிழி கட்டியும் பாதையை வளைத்தும் டிஷ்ஷைச் சூடாக்கியும் பார்த்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, ஈரப்பனி விழும் ஓர் இரவில், யாராவது ஒருவர் போர்வையை உதறிவிட்டு வெளியே போய்த் துடைப்பத்தால் தட்டிவிட்டால்தான் மிச்ச ஆட்டம் தெரிகிறது.